ஒரு சிறுநீரகத்தை எடுக்கப் போகிறார்களா? முடிவெடுப்பதிலிருந்து முதலாண்டுப் பரிசோதனை வரை முழுமையான வழிகாட்டி

சிறுநீரக அறுவை வார்டில் செவிலியராகப் பல ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நோயாளியும் துணைக்கு வருபவரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வெளியே வரப்போகும் சிறுநீரகத்தைப் பற்றியவை. எத்தனை மணிநேரம் ஆகும், எத்தனை தையல், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பார்கள். உள்ளே தங்கப்போகும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அறுவை முடிந்த நாளிலிருந்து வாழ்நாள் முழுக்க உழைக்கப்போவது அதுதான். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை வைத்தே அமைந்தது.

மருந்தை நிறுத்துவது, தொடங்குவது, அளவை மாற்றுவது போன்றவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். இங்கே உள்ள எண்கள், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக.

1. எந்த வகை அறுவை என்று பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள்

"கிட்னியை எடுக்கிறார்கள்" என்பது போதாது. குணமாக ஆகும் காலமும் பிறகு வரும் பரிசோதனைகளும் வகைக்கு வகை மாறும்.

எளிய அகற்றலில் சிறுநீரகம் மட்டும் வெளியே வரும். கல்லாலோ அடைப்பாலோ நெடுநாள் சீழாலோ செயலிழந்த சிறுநீரகத்துக்கு இது. முழு அகற்றலில் சிறுநீரகத்தோடு அதைச் சுற்றிய கொழுப்பும் உறையும் சேர்ந்து எடுக்கப்படும், பெரும்பாலும் புற்றுநோய்க்கு. பகுதி அகற்றலில் கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைத் தைத்துவிடுவார்கள். சிறுநீரகத்தின் உள்ளறையிலோ சிறுநீர்க்குழாயிலோ உட்பூச்சுப் புற்றுநோய் இருந்தால் சிறுநீரகத்தோடு குழாய் முழுவதும், அது சிறுநீர்ப்பையில் சேரும் இடத்துத் துண்டோடு எடுக்கப்படும். ஐந்தாவது, நலமான ஒருவர் கொடுக்கும் கொடைச் சிறுநீரகம்.

"எளிய" என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். பல ஆண்டுகள் சீழ் கோத்த சிறுநீரகம் குடலோடும் பெரிய ரத்தக்குழாய்களோடும் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரித்தெடுப்பது சில சமயம் ஒரு கட்டியை எடுப்பதைவிடக் கடினம். மருத்துவர் தயங்கித் தயங்கிப் பேசினால் அவருக்கு அனுபவம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், இடம் ஒத்துவந்தால், பகுதி அகற்றலே பொதுவாக முதல் தேர்வு. 7 சென்டிமீட்டர் வரையிலும்கூடப் பல மையங்கள் முயல்கின்றன. இதில் இரு பக்கமும் உண்டு. 541 பேரை இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் பகுதி அகற்றல் சிறுநீரகச் செயல்பாட்டைக் கூடுதலாகக் காத்தது, ஆயுளைக் கூட்டவில்லை. ரத்தக்கசிவும் சிறுநீர்க்கசிவும் அதில் சற்று அதிகம். ஆகவே "ஏன் முழுவதையும் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பதைப் போலவே "பகுதி எடுப்பதால் எனக்கு என்ன மிச்சம்?" என்றும் கேளுங்கள். ஏற்கெனவே செயல்பாடு குறைந்தவர், சர்க்கரை நோயாளி, ஒற்றைச் சிறுநீரகக்காரர் ஆகியோருக்கு அந்த மிச்சம் பெரிது.

2. தங்கப்போகும் சிறுநீரகத்தை அளந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின். அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுவது. மெலிந்த மூதாட்டிக்கு 0.9 என்று வந்தாலும் சிறுநீரகம் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். வயது, பாலினத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு ஜி.எஃப்.ஆர். என்று அறிக்கையில் வரும் வடிகட்டும் வேகத்தைப் பாருங்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள்.

அடுத்தது சிறுநீரில் புரதம். கிரியேட்டினின் சரியாக இருந்தும் புரதம் ஒழுகினால், தங்கப்போகும் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கிறது.

மூன்றாவது, இரண்டு சிறுநீரகங்களும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன். டி.டி.பி.ஏ., டி.எம்.எஸ்.ஏ. போன்ற பெயர்களில் எழுதித் தருவார்கள். எல்லோருக்கும் இது தேவைப்படாது; செயலிழந்ததாகச் சந்தேகிக்கும் சிறுநீரகத்தை எடுக்கும் முன் அவசியம். பங்கு சுமார் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காப்பாற்றிப் பயனில்லை என்று பொதுவாக முடிவெடுப்பார்கள்.

இந்த ஸ்கேனைத் தவறாகப் படிப்பவர்கள் ஏராளம். "வலது 80, இடது 20" என்று வந்ததும், "வலது எண்பது விழுக்காடு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த எண் பங்கு விகிதம் மட்டுமே. மொத்த வேகம் 100 என்றால் வலதின் வேகம் 80. மொத்தமே 50 என்றால் வலதின் வேகம் 40தான். விகிதத்தையும் மொத்தத்தையும் பெருக்கிப் பார்க்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். நெடுநாள் செயலிழந்த சிறுநீரகத்தை எடுத்தால் கிரியேட்டினின் பெரிதாக ஏறாது. மற்றது ஏற்கெனவே முழுச் சுமையையும் ஏற்றுக்கொண்டிருக்கும். சரிபாதி வேலை செய்த சிறுநீரகத்தை எடுத்தால் நன்றாகவே ஏறும். கொடையாளர்களுக்கு அறுவை முடிந்ததும் பாதியாகும் வேகம், மற்றது ஈடுகொடுக்க ஈடுகொடுக்க, பழைய மொத்தத்தில் சுமார் 65 முதல் 70 விழுக்காட்டுக்கு வந்து நிற்பது வழக்கம். வயதானவர்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த ஈடு குறையும்.

3. கிருமி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கை வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஆகவே சேர்க்கைக்கு முந்தைய நாள் கொடுத்துப் பயனில்லை. கிருமி இருந்தால் அதற்கேற்ற மருந்தை முடித்துவிட்டு வர வேண்டும். அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கியிருந்தால் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ முதுகு வழியாகக் குழாய் செருகியோ முதலில் வடியவிடுவார்கள். "எப்படியும் எடுக்கப்போகிற கிட்னிக்கு ஏன் குழாய்?" என்று உறவினர்கள் கோபப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சீழ் அழுத்தத்தில் இருக்கும்போது கைவைத்தால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். சில வாரங்கள் வடிந்தபின் காய்ச்சலும் சர்க்கரையும் அடங்கிய உடம்பு அறுவையைத் தாங்கும்.

4. மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்

குறைந்தது பத்து நாட்களுக்கு முன். மாத்திரை அட்டைகளைப் பையில் கொட்டிக் கொண்டுவருவதைவிட, பெயர், அளவு, நேரம் எழுதிய ஒற்றைத் தாள் மேல்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுபவை முதலில். குளோபிடோக்ரெலைப் பொதுவாக 5 முதல் 7 நாட்களுக்கு முன்பும் வார்ஃபரினை 5 நாட்களுக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதய மருத்துவரின் எழுத்து வேண்டும். தானாக நிறுத்தியவருக்கு மாரடைப்பும் வரலாம், நிறுத்த மறந்தவருக்கு அறுவையே தள்ளிப்போகலாம்.

சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அறுவைக்கு 3 நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டியவை இவை. இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் சிக்கல் வரலாம். மெட்ஃபார்மினும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளும் அறுவையன்று நிறுத்தப்படுவது உண்டு.

வலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன் வகைகளை இந்த முடிவு எடுத்த நாளிலிருந்தே விட்டுவிடுங்கள். மூலிகைச் சூரணம், உடற்பயிற்சிக்கூடப் பொடி எதுவானாலும் பட்டியலில் எழுதுங்கள். அவற்றை மருந்தாகவே நினைக்காததால் யாரும் சொல்வதில்லை. புகைப்பவர் குறைந்தது 4 வாரங்களுக்கு முன் நிறுத்தினால் அறுவைக்குப் பின் நெஞ்சுச்சளிச் சிக்கல் குறையும்.

5. அறுவை நாள் காலை: எந்தப் பக்கம்?

திடஉணவு கடைசியாக 6 மணிநேரத்துக்கு முன், எண்ணெய்ப் பண்டமென்றால் 8 மணிநேரம். வெறும் தண்ணீர் 2 மணிநேரத்துக்கு முன்பு வரை பெரும்பாலும் அனுமதி. இருந்தும் பலர் முந்தைய மாலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் தொடாமல் வந்து நிற்பார்கள். வறண்ட உடம்போடு போவது தங்கப்போகும் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. உங்கள் மருத்துவமனை சொன்ன நேரத்தைப் பின்பற்றுங்கள். அதற்கு மேல் பட்டினி வேண்டாம்.

பிறகு பக்கம். நீங்கள் விழித்திருக்கும்போதே அறுவை மருத்துவரோ அவர் குழுவில் ஒருவரோ உங்கள் உடம்பில் பேனாவால் குறியிட வேண்டும். கேட்பவர் "வலது பக்கம்தானே?" என்றால் வெறுமனே தலையாட்டாதீர்கள். நீங்களே பக்கத்தைச் சொல்லுங்கள்: "இடது சிறுநீரகம், கட்டிக்காக." ஒரே பெயரில் இருவர், பழைய ஸ்கேன், தட்டச்சுப் பிழை என்று பக்கம் மாறுவதற்கான வழிகள் உலகெங்கும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், வெளியேறும் முன் என்று மூன்று முறை சரிபார்க்கச் சொல்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் படங்களையும் மறக்காமல் கையில் கொண்டுவாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

6. அரங்குக்குள்

சுருக்கமாகச் சொன்னால் போதும். பக்கவாட்டில் படுக்கவைத்து, துளை வழியாகவோ விலாவுக்குக் கீழே கீறியோ உள்ளே போவார்கள். முதலில் தமனி அடைக்கப்படும், பிறகு சிரை. வரத்தை நிறுத்தாமல் போக்கை மூடினால் சிறுநீரகம் ரத்தத்தால் வீங்கும். பொதுவாக 2 முதல் 4 மணிநேரம். மயக்கம் கொடுப்பதும் தெளிவிப்பதும் சேர்ந்தால் வெளியே காத்திருப்பவருக்கு இன்னும் நீளும்.

துளை அறுவையாகத் தொடங்கித் திறந்த அறுவையாக மாற்றினால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். ரத்தக்கசிவோ ஒட்டுதலோ கண்டு கையை உள்ளே விட முடிவெடுப்பது பாதுகாப்பான புத்தி. இந்த வாய்ப்புக்கும் சேர்த்தே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

7. முதல் 48 மணிநேரம்

இங்கே துணைக்கு இருப்பவருக்குத்தான் வேலை அதிகம்.

சிறுநீர் அளவு: எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு குறைந்தது அரை மி.லி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. துளை அறுவையில் வயிற்றில் ஏற்றும் வாயுவின் அழுத்தத்தால் அரங்கில் சிறுநீர் குறைவது இயல்பு. பிறகு மீள வேண்டும். தொடர்ந்து குறைந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்போம், பிறகு ரத்தக்கசிவா, நீர்ச்சத்துக் குறைவா என்று தேடுவோம். அன்புமிகுதியில் பையைக் காலிசெய்துவிட்டு "ஊற்றிவிட்டோம் சிஸ்டர், அளவு தெரியாது" என்று சொல்லும் உறவினர்களால் எங்களுக்கு ஒரு முழு இரவின் கணக்கு போய்விடும். அளக்காமல் ஊற்றாதீர்கள்.

நாடித்துடிப்பு ஏறுவது, முகம் வெளுப்பது, அறுவை செய்த இடத்திலிருந்து வரும் வடிகுழாயில் பளிச்சென்ற ரத்தம் நிறைவது ஆகியவை உடனே குரல் கொடுக்க வேண்டியவை. வடிகுழாயில் ஒன்றுமே வரவில்லை என்பது மட்டும் ரத்தக்கசிவு இல்லை என்பதற்குச் சான்றாகாது, குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம். பகுதி அகற்றல் முடிந்தவருக்கு வடிகுழாயில் தெளிந்த நீர் நிறைய வந்தால், அதில் கிரியேட்டினின் அளந்து சிறுநீர்தானா என்று உறுதிசெய்வார்கள். சிறுநீர்க்கசிவு என்றால் ஸ்டென்ட் வைத்து நாள்கணக்கில் விட்டாலே பெரும்பாலும் அடைந்துவிடும்.

மூச்சு: விலாவுக்கு அருகில் கீறியதால் வலி, வலியால் மேலோட்டமான மூச்சு, அதனால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கும். மூச்சுப் பயிற்சிக்குத் தரும் ஊதுபந்துக் கருவியை உறிஞ்சி இழுக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஊதுகிறார்கள், அதனால் பயனில்லை. மணிக்குப் பத்து முறை போதும். இருமும்போது தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொள்ளுங்கள்.

நடை: பெரும்பாலும் மறுநாளே. "தையல் பிரிந்துவிடும்" என்று படுக்கையிலேயே வைத்திருப்பதுதான் நான் பார்த்த மிகப் பொதுவான தவறு. கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதைத் தடுக்கவே நடையும் காலுறையும் ஊசியும்.

வலி: தாங்கிக்கொள்வதில் பெருமை இல்லை, வலித்தால் மூச்சும் நடையும் கெடும். பாராசிட்டமாலை நேரப்படி கொடுப்பது, தேவைப்பட்டால் வலுவான மருந்து என்று போவோம். துளை அறுவைக்குப் பின் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. ஓரிரு நாளில் போகும்.

கிரியேட்டினின் இந்த நாட்களில் ஏறும். ஏறிய எண்ணைப் பார்த்ததும் "டயாலிசிஸ் வந்துவிட்டதா?" என்ற கேள்வி வரும். இரண்டாம் படியில் கணக்குப் போட்டவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஓரிடத்தில் நிலைக்கிறதா, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உயிராபத்தைப் பற்றி நேராகவே கேட்பவர்களுக்கு: நலமான கொடையாளர்களில் அறுவையை ஒட்டிய இறப்பு பத்தாயிரத்தில் சுமார் 3 அல்லது அதற்கும் குறைவு. நோய்க்காகச் செய்யும் அறுவையில் இது கூடும். எவ்வளவு என்பது வயது, இதயம், கிருமி, கட்டியின் பரவல் ஆகியவற்றைப் பொறுத்தது. திட்டமிட்டு வந்தவருக்கும் கிருமியேறி அவசரமாக வந்தவருக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது.

8. வீட்டுக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

துளை அறுவை என்றால் 2 முதல் 4 நாட்கள், திறந்ததென்றால் 5 முதல் 7 நாட்கள் தங்குவது வழக்கம். கிளம்பும்போது அறுவைக் குறிப்பின் நகல், கடைசி கிரியேட்டினின், நிறுத்திய மருந்துகளை மீண்டும் தொடங்கும் தேதி, திசுப் பரிசோதனை அறிக்கை வாங்கும் நாள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நிறுத்தச் சொன்ன மாத்திரையை யாரும் தொடங்கச் சொல்லவில்லை என்று இரண்டு மாதம் சும்மா இருந்தவர்கள் உண்டு. இடது பக்க அறுவையில் மண்ணீரலையும் எடுக்க நேர்ந்திருந்தால் தடுப்பூசிகள் தேவை. குறிப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

9. முதல் ஆறு வாரங்கள்

5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவதும் பாரம் தூக்குவதும் தையலுக்கு ஒன்றுதான். திறந்த அறுவைக்குப் பின் காயத்தைச் சுற்றி மரத்துப்போவதும் பக்கவாட்டில் புடைப்பதும் பலருக்கு உண்டு. தசைக்குப் போகும் நரம்பு இழுபட்டதால் வருவது அது. எல்லாப் புடைப்பும் குடலிறக்கம் அல்ல. ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உடனே திரும்பி வர வேண்டியவை: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், சிறுநீர் வெகுவாகக் குறைவது, ஓயாத வாந்தி. பகுதி அகற்றல் செய்தவர்களுக்கு இன்னொன்று: எல்லாம் சரியாகி வீட்டில் இருக்கும்போது, இரண்டாம் மூன்றாம் வாரத்தில்கூட, சிறுநீர் திடீரெனச் சிவப்பாகலாம். தைத்த இடத்தில் ரத்தக்குழாய் பலூன்போல் வீங்கி உடைவதால் வருவது. அதை உள்ளிருந்தே அடைக்க வழி இருக்கிறது. ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

10. திசுப் பரிசோதனை அறிக்கையை நீங்களே போய் வாங்குங்கள்

அலைபேசியில் "நார்மல்" என்று யாரோ சொன்னதோடு விடாதீர்கள். கட்டி என்றால் எந்த வகை, எந்த நிலை, எந்தத் தரம், வெட்டிய விளிம்பில் நோய் உண்டா ஆகிய நான்கும் தெரிய வேண்டும். அடுத்த சி.டி. 3 மாதத்திலா 12 மாதத்திலா என்பதை இவையே தீர்மானிக்கின்றன. செயலிழந்த சிறுநீரகம் என்று எடுத்ததில் எதிர்பாராமல் காசநோயோ புற்றுநோயோ தெரியவருவதும் உண்டு. ஆகவே "எளிய" அகற்றல் செய்தவர்களுக்கும் இந்தப் படி உண்டு.

அறிக்கையின் ஓரத்தில் ஒன்றைத் தேடச் சொல்வேன்: கட்டி இல்லாத பகுதியின் நிலை. சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ அங்கே வடு இருந்தால், உள்ளே தங்கியிருப்பதிலும் அதே வடு இருக்கக்கூடும்.

11. மூன்றாம் மாதமும் முதலாண்டும்

மூன்றாம் மாத வாக்கில் கிரியேட்டினின் நிலைத்துவிடும். அந்த எண்தான் இனி உங்கள் அடிப்படை. 1.3 என்பது பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அபாயமாக இருக்கலாம், உங்களுக்கு இயல்பாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். ரத்த அழுத்தத்தைப் பெரும்பாலும் 130/80-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். ஸ்கேனில் மிச்சச் சிறுநீரகம் "பெரிதாகியுள்ளது" என்று வந்தால் கலங்க வேண்டாம். சுமை கூடியதற்கான வளர்ச்சி அது.

தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதால் அது பலம்பெறாது. தாகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பக் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வையுங்கள். புரதப் பொடி வேண்டாம்.

பல்வலிக்கோ மூட்டுவலிக்கோ புது மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமாக "எனக்கு ஒரு சிறுநீரகம்தான், கிரியேட்டினின் இவ்வளவு" என்று சொல்லுங்கள். வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கின் அளவும் அதற்கேற்ப மாறும். சாயம் ஏற்றிய சி.டி. எடுக்கும்போதும் இதைச் சொல்ல வேண்டும். அதற்காகத் தேவையான ஸ்கேனைத் தட்டிக்கழிக்கவும் கூடாது.

அறுவைக்கு முந்தைய எண்ணில் தொடங்கி ஒவ்வொரு கிரியேட்டினினையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி, கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். எந்த ஊரில் எந்த மருத்துவர் கோப்பைத் திறந்தாலும் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.